ஃபார்மட் அடிக்கும் முன்: மெதுவாகிப்போன கணினியில் எது உங்களுடையது?

"சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்கு. ஃபார்மட் அடிச்சுடலாமா?"

கணினி கொஞ்சம் தெரிந்தவர் என்று சொந்தக்காரர்களிடையே பெயர் எடுத்த யாருக்கும் இந்தக் கேள்வி பழகியிருக்கும். முன்பெல்லாம் நானும் "அடிச்சுடலாம்" என்று உடனே சொல்லிவிடுவேன். இப்போது சொல்வதில்லை. "அதுல என்னல்லாம் வெச்சிருக்கீங்க?" என்றுதான் முதலில் கேட்கிறேன். "ஒண்ணும் இல்ல, சும்மா கொஞ்சம் ஃபோட்டோ" என்று பதில் வரும். கூட உட்கார்ந்து பார்த்தால் பிள்ளையின் முதல் பிறந்தநாள் வீடியோ, வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், கடைக் கணக்கு, இறந்துபோன தாத்தா பேசியதைப் பதிவுசெய்த ஆடியோ என்று ஒவ்வொன்றாக வெளியே வரும்.

ஃபார்மட் அடிப்பது என்றால் டிஸ்கைத் துடைத்து விண்டோஸை மறுபடி போடுவது. அப்படிப் போடுவது கஷ்டமான வேலை இல்லை. அந்தப் பகுதி மட்டும் என்றால் பல கணினிகளில் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதற்கு முன்னால் எடுத்துவைப்பதும் பின்னால் திரும்ப வைப்பதும்தான் நேரமும் கவனமும் கேட்கிற வேலை. அதைப் புரிந்துகொண்டு செய்தால் பயப்பட எதுவும் இல்லை. புரியாமல் செய்தால் இழப்பது திரும்பக் கிடைக்காது.

போகிக்கு முன்னால் வீட்டை ஒழித்து வெள்ளையடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சாமான்களை எல்லாம் முற்றத்தில் எடுத்து வைக்கிறோம். சுவரைச் சுரண்டி வெள்ளையடிக்கிறோம். பிறகு வேண்டியதை மட்டும் உள்ளே கொண்டுபோகிறோம். உடைந்த நாற்காலியும் கிழிந்த பாயும் வெளியிலேயே நின்றுவிடும். விண்டோஸை மறுபடி போடுவதும் இதே வேலைதான். சுவர் என்பது விண்டோஸ். சாமான் என்பது உங்கள் படங்கள், கணக்குகள், கடிதங்கள். சுவரை யார் வேண்டுமானாலும் புதிதாகக் கட்டித்தரலாம், ஏனென்றால் விண்டோஸ் இணையத்தில் கிடைக்கிறது. குரோம், வி.எல்.சி., ஜூம், பிரின்டர் மென்பொருள் எல்லாமே அப்படித்தான், கேட்டால் மறுபடி கிடைக்கும். பாட்டியின் எண்பதாம் கல்யாணப் படத்தை எந்த நிறுவனமும் மறுபடி தராது.

ஹார்ட் டிஸ்கில் இருப்பதை இப்படி இரண்டாகப் பிரிக்கத் தெரிந்தால் போதும். மறுபடி கிடைப்பவை, கிடைக்காதவை. பேக்கப் என்பது இரண்டாவது வகைக்கு மட்டும் எடுத்துவைக்கும் நகல்.

எதனால் மெதுவாகிறது?

ஃபார்மட் அடித்தால் வேகம் வரும் என்பது பாதி உண்மை. காரணம் தெரியாமல் அடித்தால் இரண்டு வாரம் வேகமாக இருப்பது போலத் தோன்றும், பிறகு பழைய கதைதான். அதனால் முதலில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் சி.பி.யூ., மெமரி, டிஸ்க் என்று மூன்று வரிசைகள் சதவீதத்தோடு தெரியும். கணினியைப் போட்டுப் பத்து நிமிடம் கழித்து, எதையும் திறக்காமல் பாருங்கள். அப்போதும் எது 90, 100 என்று சிவந்து நிற்கிறதோ அங்கேதான் நோய்.

நம் வீடுகளில் அதிகம் சிவப்பது டிஸ்க். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள லேப்டாப்பில் இதைப் பார்க்காதவர்கள் குறைவு. ஏன் என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஹார்ட் டிஸ்க் என்பது உள்ளே சுழலும் தட்டு. லேப்டாப்பில் வரும் பெரும்பாலான டிஸ்குகள் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும். அப்படியானால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 11 மில்லி நொடி. வேண்டிய தகவல் தட்டில் எங்கோ இருக்கும், அது படிக்கும் முள்ளுக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். முள்ளும் அந்தத் தடத்துக்கு நகர வேண்டும். இரண்டையும் கூட்டினால், இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் கோப்புகளை நொடிக்கு நூறு தடவைகூட அதனால் எடுத்துவர முடியாது. விண்டோஸ் எழுந்திருக்கும்போது படிக்கும் சின்னச் சின்னக் கோப்புகளோ ஆயிரக்கணக்கில். ஒரே நேரத்தில் அப்டேட்டும் வைரஸ் ஸ்கேனும் சேர்ந்துகொண்டால் அந்த ஒற்றை முள் எத்தனை இடத்துக்குத்தான் ஓடும்? ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் எஸ்.எஸ்.டி. என்ற புதுவகை டிஸ்கில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் முள்ளும் இல்லை. நொடிக்குப் பல்லாயிரம் தடவை எடுத்துத் தரும். டிஸ்க் 100 என்று நிற்கும் பழைய கணினிக்கு விண்டோஸை மறுபடி போடுவதைவிட எஸ்.எஸ்.டி. மாற்றுவதுதான் உண்மையான மருந்து. சென்னையில் ரிச்சி தெருவுக்குப் போனாலும் சரி, உங்கள் ஊர்க் கம்ப்யூட்டர் கடைக்குப் போனாலும் சரி, முதலில் இதைக் கேளுங்கள்.

மெமரி 90க்கு மேல் நின்றால் ரேம், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைக்கும் இடம், போதவில்லை. 4 ஜி.பி. ரேமில் இன்றைய விண்டோஸ் எதையும் திறக்காமலே பாதியைத் தின்றுவிடும். மீதியில் குரோமில் பத்து டேப் திறந்தால் இடம் தீர்ந்து, ரேமில் இருப்பதை எடுத்து டிஸ்கில் வைக்கத் தொடங்கும். அந்த டிஸ்க் பழைய சுழல் டிஸ்காக இருந்தால் மவுஸ் அம்புக்குறிகூட நகராமல் நிற்கும். இதற்கு மருந்து கூடுதல் ரேம். ஃபார்மட் அடித்தாலும் 4 ஜி.பி. 4 ஜி.பி.யாகவேதான் இருக்கும்.

சி.பி.யூ. குறைவாகக் காட்டியும் எல்லாம் தள்ளாடுகிறது, விசிறி சத்தம் போடுகிறது, லேப்டாப்பின் அடி சுடுகிறது என்றால் தூசி அடைத்திருக்கலாம். சூடு ஏறினால் பிராசஸர் (சி.பி.யூ.தான் அது) தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு சர்வீஸ் கடையில் திறந்து தூசி ஊதி, பிராசஸர் மேல் காய்ந்துபோன பேஸ்ட்டை மாற்றினால் சரியாகிவிடும்.

இன்னொரு காரணம் ஆபத்தானது. டிஸ்க் செத்துக்கொண்டிருப்பது. தட்டில் ஓரிடம் கெட்டுப்போனால், அதைப் படிக்க டிஸ்க் மறுபடி மறுபடி முயலும். ஒரு ஃபோல்டரைத் திறந்தால் முப்பது நொடி உறைந்து நிற்கும், மற்ற நேரத்தில் நன்றாக ஓடும். உள்ளிருந்து டிக் டிக் என்று ஒலி கேட்டால் சந்தேகமே வேண்டாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும். நீலத்தில் நல்ல நிலை என்று இருந்தால் பரவாயில்லை. மஞ்சளில் எச்சரிக்கை என்று வந்துவிட்டால் ஃபார்மட் பேச்சையே எடுக்காதீர்கள். கணினியில் வேறு எந்த வேலையும் செய்யாமல் மிக முக்கியமானதிலிருந்து தொடங்கி உடனே வெளியே நகலெடுங்கள். அந்த டிஸ்கில் மறுபடி விண்டோஸ் போடுவது இடியப்போகும் சுவருக்கு வெள்ளையடிப்பது.

அப்படியானால் மறுபடி போடுவதால் எதுதான் சரியாகும்? வருடக்கணக்கில் சேர்ந்த குப்பை. எழுந்தவுடன் தானாக ஓடத் தொடங்கும் இருபது மென்பொருள்கள், ஒன்றோடொன்று மோதும் இரண்டு ஆன்டிவைரஸ்கள், பாதியில் நின்று உடைந்த அப்டேட், தெரியாமல் ஏறிய வைரஸ், திருட்டு விண்டோஸை இயக்க யாரோ போட்டுவிட்ட 'ஆக்டிவேட்டர்'. இவற்றுக்கு மறுபடி போடுவது நல்ல வைத்தியம். அதிலும் ஆக்டிவேட்டர் போட்ட கணினி என்றால் நான் தயங்கவே மாட்டேன். பலரும் அதைப் போடும்போது விண்டோஸின் பாதுகாப்பையே அணைத்துவிடுகிறார்கள். உள்ளே வேறு என்ன வந்து உட்கார்ந்திருக்கிறது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

சின்னக் குப்பை என்றால் ஃபார்மட் வரை போக வேண்டாம். டாஸ்க் மேனேஜரிலேயே ஸ்டார்ட்அப் என்ற பகுதிக்குப் போய் வேண்டாதவற்றை நிறுத்துங்கள். சி டிரைவில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கும்படி ஒழியுங்கள். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

டி டிரைவில் இருப்பது பேக்கப் இல்லை

"எல்லாத்தையும் டி டிரைவுல போட்டு வெச்சிருக்கேன், பத்திரமா இருக்கு." இந்த நம்பிக்கையால் அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். சி, டி என்று இரண்டாகத் தெரிந்தாலும் பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் உள்ளே இருப்பது ஒரே டிஸ்க். ஒரே அறைக்கு நடுவில் தடுப்பு போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். விண்டோஸை மறுபடி போடும்போது சி மட்டும் அழியும், டி அப்படியே இருக்கும் என்பது சரிதான், போடுகிறவர் தடுப்பைத் தொடாதவரை. விண்டோஸ் போடும் திரையில் சி, டி என்ற பெயர்கள் தெளிவாகத் தெரிவதில்லை. டிரைவ் 0 பார்ட்டிஷன் 1, பார்ட்டிஷன் 2 என்று எண்களாக வரும். அவசரத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடுவது நடக்கிற காரியம். எங்கள் உறவினர் வீட்டில் ஒரு கடையில் கொடுத்து வாங்கிய கணினியில் டி டிரைவ் பளிச்சென்று காலியாக வந்தது. பன்னிரண்டு வருடப் படங்கள். கொடுத்தபோது "டி-ய தொடாதீங்க" என்று சொல்லத் தோன்றவில்லை, கடைக்காரரும் கேட்கவில்லை.

பேக்கப் என்றால் வேறு ஒரு பொருளில் இருக்க வேண்டும். கையில் எடுத்து வேறு அறைக்குக் கொண்டுபோக முடிய வேண்டும். ஒளிப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரவலாக்கிய 3-2-1 என்ற கணக்கு நினைவில் வைக்க எளிது: மொத்தம் மூன்று நகல், இரண்டு வெவ்வேறு வகைப் பொருள்களில், அதில் ஒன்று வேறு ஊரிலோ இணையத்திலோ. வீட்டுக்கு இதை எப்படிச் செய்வது? கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இன்னொன்று, மிக முக்கியமான படங்களும் ஆவணங்களும் கூகுள் டிரைவிலோ ஒன்டிரைவிலோ. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜி.பி., ஒன்டிரைவ் 5 ஜி.பி. எல்லாப் படமும் கொள்ளாது. பத்திரங்களும் சான்றிதழ்களும் தேர்ந்தெடுத்த படங்களும் கொள்ளும்.

ஒன்டிரைவ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அது ஒத்திசைக்கும் சேவை. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் சில நாட்கள் இருக்கும், பிறகு போய்விடும். இடத்தை மிச்சம்பிடிக்க, சில கோப்புகளின் பெயரை மட்டும் கணினியில் காட்டிவிட்டு உள்ளடக்கத்தை இணையத்தில் வைத்திருப்பதும் உண்டு. கோப்புக்குப் பக்கத்தில் மேகம் போன்ற சின்னம் இருந்தால் அது கணினியில் இல்லை என்று பொருள்.

என்னென்ன எடுக்க வேண்டும்?

சி டிரைவில் யூசர்ஸ் என்ற ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் எல்லாம் அதற்குள்தான். வீட்டில் மூன்று பேர் மூன்று பெயரில் லாகின் வைத்திருந்தால் மூன்று ஃபோல்டர். தங்கையின் ப்ராஜெக்ட்டை மறந்துவிட்டு உங்களுடையதை மட்டும் எடுத்துவிடாதீர்கள். டெஸ்க்டாப்பில் இருப்பது திரையில் தெரிவதால் அது எங்கோ பத்திரமாக இருப்பது போன்ற எண்ணம் பலருக்கு உண்டு. அதுவும் சி டிரைவ்தான், ஃபார்மட்டில் போய்விடும்.

இதற்கு வெளியே இருப்பவைதான் ஆளைக் கவிழ்க்கும். கடைக் கணக்கு டேலியில் இருந்தால் அதன் டேட்டா ஃபோல்டர் பெரும்பாலும் உங்கள் பெயர் ஃபோல்டருக்குள் இருக்காது. டேலியைத் திறந்து, தரவு எங்கே இருக்கிறது என்று அதிலேயே பார்த்துக்கொண்டு, அதன் பேக்கப் வசதியால் ஒரு நகலும் அந்த ஃபோல்டரையே அப்படியே ஒரு நகலும் எடுங்கள். டேலியின் லைசன்ஸை ஃபார்மட்டுக்கு முன்னால் சரண்டர் செய்ய வேண்டும், பிறகு மறுபடி ஆக்டிவேட் செய்துகொள்ளலாம். அவுட்லுக்கில் மெயில் வைத்திருப்பவர்கள் பி.எஸ்.டி. என்று முடியும் கோப்பைத் தேடி எடுங்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருக்கும் கணக்காளர்கள் கவலைப்பட வேண்டாம். சான்றிதழ் அந்த டோக்கனுக்குள்ளேயே இருக்கிறது, அதன் டிரைவரை (அதை இயக்கும் சின்ன மென்பொருளை) மட்டும் மறுபடி போட்டால் போதும்.

பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் தனிக் கதை. குரோமின் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்துப் புதிய விண்டோஸில் போட்டால் பாஸ்வேர்டுகள் திறக்காது. பழைய விண்டோஸ் கணக்கோடு சேர்த்து அவை பூட்டப்பட்டிருக்கும். அதனால் கூகுள் கணக்கில் சிங்க் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். மொபைலில் அதே கணக்கில் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இப்போது தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு மட்டுமான ஒன்று. இதை நான் என் வீட்டிலேயே கற்றேன். அப்பா பல வருடங்களாகப் பாமினி எழுத்துருவில் கட்டுரைகள் எழுதி வேர்டில் சேமித்து வைத்திருந்தார். அவருடைய கணினியை நான்தான் ஃபார்மட் அடித்தேன். கோப்புகள் எல்லாவற்றையும் எடுத்துவைத்து, ஒன்றுவிடாமல் திரும்பவும் வைத்தேன். மறுநாள் அவர் ஒரு கட்டுரையைத் திறந்தார். திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். 'அம்மா' என்று இருந்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நின்றது. எல்லாம் அழிந்துவிட்டது என்றே நினைத்தார். அன்று அவர் முகம் இருந்த விதம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

உண்மையில் எதுவும் அழியவில்லை. தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்கள் தரும் யூனிகோடு முறை பரவுவதற்கு முந்தைய பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருந்தன. கோப்புக்குள் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்தின் எண்தான். எழுத்துரு இருந்தால் அது தமிழாகத் தெரியும், இல்லாவிட்டால் ஆங்கிலமாகவே தெரியும். நான் கோப்பை எடுத்துவைத்தேன், எழுத்துருவை விட்டுவிட்டேன். எழுத்துருக்கள் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்ற இடத்தில் இருப்பதால் ஃபார்மட்டோடு போய்விட்டன. பாமினியை மறுபடி போட்டதும் கட்டுரைகள் தமிழாக வந்துவிட்டன. உங்கள் வீட்டில் பத்து பதினைந்து வருடத்துக்கு முந்தைய தமிழ்க் கோப்புகள் இருந்தால், எந்த எழுத்துருவில் இருக்கின்றன என்று வேர்டில் திறந்து பெயரைக் குறித்துக்கொண்டு, அந்த எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்து எடுங்கள். முடிந்தால் அவற்றை யூனிகோடுக்கு மாற்றி இன்னொரு நகலும் வையுங்கள். எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

எடுத்ததைத் திறந்து பார்த்தீர்களா?

நகலெடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்பே கணித்துவிட்டால் பாதியில் பிடுங்கத் தோன்றாது. பழைய யு.எஸ்.பி. 2.0 துளையில் நொடிக்கு 30 எம்.பி. அளவில்தான் போகும். 200 ஜி.பி.க்குக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். உள்ளே நீல நிறம் தெரியும் யு.எஸ்.பி. 3.0 துளை இருந்தால் அதில் செருகுங்கள், நேரம் வெகுவாகக் குறையும். பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. கல்யாண வீடியோ மட்டும் போகாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இடம் இருந்தும் போகவில்லை என்றால், காலியான பென் டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள்.

நகல் முடிந்ததும் இரண்டு பக்கமும் ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்டீஸ் பாருங்கள். கோப்புகளின் எண்ணிக்கையும் அளவும் ஒத்துப்போக வேண்டும். பிறகு அந்த டிஸ்கை வேறு ஒரு கணினியில் செருகி, நாலைந்து படம், ஒரு வீடியோ, ஒரு வேர்டு கோப்பு, ஒரு எக்ஸெல் கோப்பு என்று உண்மையிலேயே திறந்து பாருங்கள். இந்த ஒரு படியைத் தயவுசெய்து விடாதீர்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஓர் ஊழியர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். பேக்கப்புக்காக அவர்கள் ஐந்து வழிமுறைகள் வைத்திருந்தார்கள். தேவைப்பட்ட நேரத்தில் ஒன்றும் சரியாக வேலை செய்யவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்னால் வேறொரு வேலைக்காக எடுத்துவைத்திருந்த ஒரு நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பியதால் கணினியே தொழிலாகக் கொண்டவர்களுக்கு நேர்ந்தது இது.

கூடவே ஒரு தாளில் சிலவற்றை எழுதிக்கொள்ளுங்கள். என்னென்ன மென்பொருள்கள் இருக்கின்றன, வைஃபை பாஸ்வேர்டு, மைக்ரோசாஃப்ட் கணக்கின் மெயில் முகவரி. விண்டோஸில் டிஸ்கைப் பூட்டிவைக்கும் என்க்ரிப்ஷன் வசதி இயங்கினால் பிட்லாக்கரின் 48 இலக்க ரெகவரி கீயையும் மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்து எழுதி வையுங்கள். புதிய லேப்டாப்கள் பலவற்றில் நீங்கள் கேட்காமலே அது இயங்கிக்கொண்டிருக்கும். டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் படிக்க வேண்டி வந்தால் அந்த எண் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. விண்டோஸ் கீ பற்றிக் கவலை வேண்டாம். முறையாக விண்டோஸ் 10 அல்லது 11 ஆக்டிவேட் ஆகியிருந்த கணினியில் அதே பதிப்பைப் போட்டால், இணையம் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும்.

மறுபடி போடுதல்

இதற்கு இரண்டு வழி. எளிதானது செட்டிங்ஸில் ரெகவரி பகுதியில் உள்ள 'ரீசெட் திஸ் பிசி'. அதில் உங்கள் கோப்புகளை வைத்துக்கொள்வதா, எல்லாவற்றையும் நீக்குவதா என்று கேட்கும். முதலாவதைத் தேர்ந்தாலும் மென்பொருள்கள் எல்லாம் போய்விடும், உங்கள் ஃபோல்டரில் உள்ள கோப்புகள் மட்டும் நிற்கும். "கோப்புகளை வைத்துக்கொள்கிறேன் என்றுதானே சொல்கிறது" என்று பேக்கப் எடுக்காமல் இறங்க வேண்டாம். நடுவில் கரன்ட் போனால் அந்த வாக்குறுதியும் போய்விடலாம். அடுத்து கிளவுட் டவுன்லோடா, கணினியில் இருப்பதையே பயன்படுத்துவதா என்று கேட்கும். கிளவுட் என்றால் 4 ஜி.பி. அளவுக்கு இணையம் செலவாகும், ஆனால் பழுதில்லாத புதுக் கோப்புகள் வரும். வைஃபை வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது, பென் டிரைவிலிருந்து போடுவது. வைரஸ் சந்தேகம் இருந்தாலும், புது எஸ்.எஸ்.டி. மாற்றியிருந்தாலும் இதுதான் வழி. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூல் இறக்கி, குறைந்தது 8 ஜி.பி. உள்ள காலி பென் டிரைவில் விண்டோஸைத் தயார்செய்ய வேண்டும். கணினியைப் போடும்போது பூட் மெனு விசையைத் தட்டி (டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்.பி.யில் எஃப்9) அந்தப் பென் டிரைவைத் தேர்ந்தால் தொடங்கும். அதற்கு முன்னால் பேக்கப் எடுத்த வெளி டிஸ்கைப் பிடுங்கி அலமாரியில் வையுங்கள். எந்த டிஸ்கை அழிப்பது என்று திரை கேட்கும்போது அந்தப் பட்டியலில் உங்கள் பேக்கப்பின் பெயரே இருக்கக் கூடாது. அண்மைக் கால இன்டெல் லேப்டாப்கள் சிலவற்றில் அந்தப் பட்டியல் காலியாகவே வரும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். இன்டெல்லின் ஸ்டோரேஜ் டிரைவரைப் பென் டிரைவில் போட்டுக் காட்டினால் தெரியும். வைஃபை டிரைவரையும் முன்பே இறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் போட்ட பிறகு இணையம் இல்லாமல் டிரைவர் இறக்க முடியாது, டிரைவர் இல்லாமல் இணையம் வராது.

எந்த விண்டோஸ்? விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். அதற்குப் பழையது என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் ஒன்றைப் போட்டு, இணையம் பார்க்கவும் கடிதம் எழுதவும் வைத்துக்கொள்ளலாம். பாதுகாப்பு அப்டேட்டே வராத விண்டோஸில் வங்கி வேலை பார்ப்பதைவிட அது நல்லது என்பது என் எண்ணம்.

திரும்ப வைத்தல்

இங்கே 'ரெஸ்டோர்' என்ற சொல் மூன்று வேறு வேலைகளுக்குப் பயன்படுவதால் பலரும் குழம்புகிறார்கள். சிஸ்டம் ரெஸ்டோர் என்பது விண்டோஸின் அமைப்புகளையும் டிரைவர்களையும் சில நாள் பின்னோக்கிக் கொண்டுபோவது. அழிந்த படங்களை அது மீட்டுத் தராது. சிஸ்டம் இமேஜ் என்பது டிஸ்க் மொத்தத்தையும் அச்சு அசலாகப் பிடித்து வைப்பது. டிஸ்க் செத்துப்போனால் அது பெரிய உதவி. ஆனால் மெதுவாகிப்போன கணினியின் இமேஜை எடுத்து, ஃபார்மட் அடித்து, அதையே திரும்பப் போட்டால் அந்த மெதுவும் வைரஸும் சேர்ந்தே திரும்பி வரும். நாம் செய்ய வேண்டியது மூன்றாவது: கோப்புகளை மட்டும் திரும்ப வைப்பது.

அவசரப்பட்டு உடனே வைக்க வேண்டாம். முதலில் விண்டோஸ் அப்டேட் முழுவதும் ஓடி முடியட்டும். டிரைவர்கள் பெரும்பாலும் அதிலேயே வந்துவிடும். இரண்டு மூன்று முறை ரீஸ்டார்ட் கேட்கும், செய்யுங்கள். முதல் நாள் பின்னணியில் அது பல வேலைகளை முடித்துக்கொண்டிருக்கும். அன்றே "இன்னும் ஸ்லோவாதான் இருக்கு" என்று முடிவு கட்டாதீர்கள். அடுத்து வெளி டிஸ்கைச் செருகி, எதையும் திறக்காமல், விண்டோஸோடு வரும் டிஃபென்டரால் அதை முழுவதும் ஸ்கேன் செய்யுங்கள். அதற்குப் பிறகுதான் நகல். படங்களும் ஆவணங்களும் வரட்டும். பழைய டவுன்லோட்ஸில் கிடக்கும் இன்ஸ்டாலர்கள் வேண்டாம், தேவையானதை அந்தந்த நிறுவனத் தளத்திலிருந்து புதிதாக இறக்குங்கள். பழைய பட்டியலில் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் போட வேண்டாம். ஒன்றைத் தேடும்போது இல்லை என்று தெரிந்தால் அன்று போட்டுக்கொள்ளலாம். இப்படிச் செய்தால் பழைய பட்டியலில் பாதிகூட உங்களுக்குத் தேவைப்படாது. என் அனுபவம் இது.

தமிழ் எழுத்துருக்களை மறக்காமல் போடுங்கள். யூனிகோடு கோப்புகளிலேயே லதா, விஜயா எழுத்துருக்களைப் பயன்படுத்தியிருந்தால் ஒன்று கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10லிருந்து அவை தானாக வருவதில்லை. செட்டிங்ஸில் தமிழை ஒரு மொழியாகச் சேர்த்தாலோ, ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதியில் தமிழ்த் துணை எழுத்துருக்களைச் சேர்த்தாலோ வந்துவிடும். தமிழ்99 விசைப்பலகையும் விண்டோஸிலேயே இருக்கிறது. பழைய பழக்கத்தில் எங்கிருந்தோ ஒரு தட்டச்சு மென்பொருளை இறக்கும் முன் அதைப் பாருங்கள்.

எல்லாம் வைத்து முடித்ததும் அந்த வெளி டிஸ்கை உடனே அழித்து வேறு வேலைக்கு எடுத்துவிடாதீர்கள். எதை எடுக்க மறந்தோம், எது திறக்கவில்லை என்பது ஒரே நாளில் தெரியாது. வருமான வரிக் கணக்கு காட்டும் மாதத்தில்தான் போன வருடத்துக் கோப்பைத் தேடுவீர்கள். புது எஸ்.எஸ்.டி. மாற்றியவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. கழற்றிய பழைய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால், அதை அழிக்காமல் யு.எஸ்.பி. உறை ஒன்றில் போட்டு வைத்துக்கொள்ளலாம். எதை மறந்திருந்தாலும் அது அதில் அப்படியே இருக்கும். அதன் மேல் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டி, எந்தக் கணினியினுடையது, எந்தத் தேதியில் கழற்றியது என்று மார்க்கரால் எழுதுங்கள். வேலை முடிந்ததும் கணினியிலிருந்து பிடுங்கியே வையுங்கள். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வன்னாக்ரை என்ற வைரஸ் பரவியபோது, கணினியோடு செருகியே இருந்த டிஸ்குகளில் உள்ள கோப்புகளையும் அது சேர்த்தே பூட்டியது. குறைந்தது ஒரு வருடமாவது அந்த டிஸ்க் அலமாரியிலேயே இருக்கட்டும்.